நிரந்தர விலாசம்

சென்ற மாதம் ஷரோன் ரெலிபோன் எடுத்தாள். நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த பல்கலைக்கழகப் பதிவுக் கந்தோரில், என் மேசையில் இப்போது இருப்பவள் அவள்தான். "லோகா, இனிமேல் கட்டணத் தகுதியைக் கம்பியூட்டரே முடிவு செய்யப் போகிறது. பதினொரு கேள்வி. பதிலை அழுத்தினால் அரை நிமிடத்தில் விடை வந்துவிடும்" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோசம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அரை நிமிடமா! ஒரே ஒரு பிள்ளையின் விஷயத்தில் நான் நாலு மாதம் மினக்கெட்டிருக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மதிய இடைவேளையில் பழைய கதை கொஞ்சம் சொல்ல வரும்படி கேட்டாள். போய்ச் சொன்னேன். சான்ட்விச்சைக் கடித்தபடி பத்து நிமிடம் கேட்டார்கள், கை தட்டினார்கள். ஆனால் ஆங்கிலத்தில் சொல்லும்போது கதையின் பாதி என் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அந்தப் பாதி நம்முடைய ஆட்களுக்குத்தான் விளங்கும். ஆகவே முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இரண்டு வகை. உள்ளூர்க்காரருக்கு ஒன்று, வெளிநாட்டாருக்கு அதைப்போலப் பல மடங்கு. அந்தக் காலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக் குடிமக்களும் உள்ளூர்க் கணக்கில் வருவார்கள். ஆனால் படிப்புத் தொடங்குவதற்கு முந்திய மூன்று வருடமும் ஐரோப்பாவில் வழக்கமாக வசித்திருக்க வேண்டும். இடையில் எங்கேயாவது தற்காலிகமாகப் போய்வந்தால் குற்றமில்லை. பேராசிரியர் ஒருவரின் ஆராய்ச்சியில் சம்பளத்துக்கு உதவியாளராக இருந்துகொண்டே பிஎச்.டி என்கிற கலாநிதிப் பட்டத்துக்குப் பதிகிற பிள்ளைகள் எங்களிடம் நிறைய. அவர்களுடைய கட்டணத்தை அந்த ஆராய்ச்சிக்கு வந்த பணமே கட்டும். ஆனால் உள்ளூர்க் கட்டணத்தைத்தான் கட்டும். வெளிநாடு என்று நாங்கள் அடையாளம் போட்டுவிட்டால் மிச்சத்தைப் பிள்ளை கட்டவேண்டும். எந்தப் பிள்ளையால் ஏலும்? இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

நான் லண்டனுக்கு வந்தது எண்பத்தாறில். தட்டெழுத்துத் தெரியும் என்பதால் கந்தோருக்குள் கால் வைத்தேன். கொஞ்சக் காலம் கடித உறைகளில் விலாசம் அடித்தேன், கொஞ்சக் காலம் யன்னலில் நின்று மாணவர்களுக்குப் படிவம் கொடுத்தேன். பிறகு கட்டணப் பகுதிக்கு மிஸ் பெல்லமியிடம் அனுப்பினார்கள். படித்ததெல்லாம் அவரிடம்தான்.

மிஸ் பெல்லமி நெட்டையான, மெலிந்த மனுசி. கோடையிலும் கம்பளிப் பாவாடை. கையில் எப்போதும் ஒரு மர அடிமட்டம். படிவத்தை வாசிக்கும்போது அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டு வருவார். எவ்வளவு அவசரம் என்றாலும் அடிமட்டம் பாய்ந்து போகாது. முதல் முடிவு பென்சிலில். மறுநாள் காலை திரும்ப வாசித்துவிட்டுத்தான் மை. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு யாருக்கும் 'இல்லை' என்று எழுதக்கூடாது என்பது அவருடைய சட்டம். "களைத்துப்போன ஆளின் 'இல்லை'யை நான் நம்புவதில்லை" என்பார். என் பெயரை எல்லோரும் 'லோகா' என்று வெட்டியபோது அவர் மட்டும் வீட்டில் இருந்து பழகிக்கொண்டு வந்து, 'மிஸஸ் லோகநாதன்' என்று ஓர் எழுத்து விடாமல் சொன்னார்.

ஒருவர் எங்கே வசித்தார் என்று கண்டுபிடிக்க அவரிடம் மூன்று கேள்விகள் இருந்தன. எங்கே தூங்கினீர்கள்? எங்கே வேலை அல்லது படிப்பு? உங்கள் குளிர்க்கோட்டு எங்கே தொங்கியது? மூன்றாவதைக் கேட்டு எல்லாரும் முழிப்பார்கள். ஆனால் பொய் சொல்லக் கஷ்டமான கேள்வி அதுதான்.

ஒருமுறை இங்கே வதிவுரிமை பெற்ற கானா நாட்டு ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர், லண்டனில் மூன்று வருடம் வேலை செய்ததற்கு அத்தாட்சியாக ஒரு பிஸ்கட் தகரப் பேணியைக் கொண்டுவந்தார். உள்ளே கிழமைக்கு ஒன்றாக மூன்று வருடத்துப் பயணச் சீட்டுகள்! வேறு யாராவது என்றால் ஆளைப் பேணியோடு அனுப்பியிருப்பார்கள். மிஸ் பெல்லமி மேசையைத் துடைத்துவிட்டு முழுவதையும் திகதிப்படி பரப்பினார். ஒரு பகல் முழுக்க எடுத்தது. இரண்டு கிழமை குறைந்தது. "இந்த இரண்டு கிழமையும்?" என்று கேட்டார். அந்த மனுசன் பேணியின் அடியைத் தட்ட, கால் முறிந்து படுத்திருந்த வைத்தியசாலைக் கடிதம் விழுந்தது. மிஸ் பெல்லமி எழும்பிப் போய்த் தன்னுடைய தேநீரில் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு வந்து அவருக்கு வைத்தார். அந்தத் தேநீர் எங்களில் ஒருவருக்கும் கிடைத்ததில்லை.

இப்படிப்பட்டவரிடம் படித்தும் நான் ஒரு பிழை விட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

இரண்டாயிரத்து நாலு என்று நினைக்கிறேன். ஆனி மாதம் ஒரு விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. பெயர் யாழினி செல்வராசா. குடியுரிமை ஜெர்மன். குடிநீர்க் குழாய்களுக்குள்ளே படிகிற கிருமிப் படலம் பற்றிய ஆராய்ச்சியில் உதவியாளராக ஒரு பேராசிரியர் தெரிந்தெடுத்திருந்தார். எல்லாம் சரி. ஆனால் 'நிரந்தர விலாசம்' என்ற கட்டத்தில் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் ஒரு வீட்டு விலாசம், ஒழுங்கையின் பெயரோடு, எழுதியிருந்தது. கடந்த மூன்று வருடம் எங்கே இருந்தீர்கள் என்ற இடத்தில், ஜெர்மனி, பிறகு பத்து மாதம் யாழ்ப்பாணம், பிறகு லண்டன். அது போர்நிறுத்தக் காலம். வெளிநாட்டில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் பலர் அப்படிப் போய்வந்தார்கள்.

நிரந்தர வீடு யாழ்ப்பாணத்தில், அங்கே பத்து மாதம் இருந்தும் இருக்கிறார். ஆகவே வழக்கமாக வசித்தது ஐரோப்பாவில் அல்ல. நான் 'வெளிநாடு' என்று போட்டேன். பென்சிலில் போட்டேன், மறுநாள் மையிலும் போட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கட்டத்தில் எங்கள் ஆட்கள் ஏன் ஊர் விலாசத்தை எழுதுவார்கள் என்று அந்தக் கந்தோரில் தெரிந்த ஒரே ஆள் நான். அறிந்துகொண்டே போட்டேன். காரணம் வெட்கக்கேடானது. தமிழ்ப் பெயரைக் கண்டால் எனக்குள் ஒரு பயம். 'பார், தன்ரை ஆட்களுக்குச் செய்துவிட்டாள்' என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. அதனால் மற்றவர்களுக்கு ஒரு கண் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு கண்ணாலும் பிழை தேடுவேன். இதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், விசரி.

முடிவைச் சொல்லும் கடிதத்தை நிரந்தர விலாசத்துக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். பிரதி பேராசிரியருக்குப் போகும். விமானத் தபாலில் போட்டேன், கதை முடிந்தது என்று இருந்தேன்.

ஆடி மாதம் ஒரு காலை யன்னலில் ஒரு பிள்ளை வந்து நின்றது. கட்டை மயிர், முதுகில் பெரிய பை.

"நீங்கள்தானே மிஸஸ் லோகநாதன்? அன்ரி, நான் யாழினி. என்னை ஓவர்சீஸ் எண்டு போட்டிருக்கிறியளாம். புரபசர் சொன்னவர்."

"ஓம் பிள்ளை. பெர்மனன்ற் அட்ரஸ் எண்டு ஊர் விலாசத்தை எழுதியிருக்கிறீர். அதோடை பத்து மாசம் அங்கை நிண்டிருக்கிறீர்."

"நான் அங்கை போனது கிணத்துத் தண்ணி ரெஸ்ற் பண்ண. பத்து மாசக் கொன்ராக்ட். அஞ்சு வயசிலை ஜெர்மனிக்குப் போனனான் அன்ரி, பத்தொன்பது வருசம்! அந்த வீட்டை எனக்கு ஞாபகமே இல்லை."

"பிறகேன் அதை எழுதினனீர்?"

"அப்பாட்டைப் போன் பண்ணி, அப்பா எங்கட பெர்மனன்ற் அட்ரஸ் என்ன எண்டு கேட்டனான். அவர் சொன்னார், நான் எழுதினனான்."

எனக்கு யன்னலுக்குக் கீழே குந்திவிடலாம் போல இருந்தது. பிள்ளை அழவில்லை. அதுதான் இன்னும் பொல்லாப்பு. "செப்டெம்பர் கடைசி வெள்ளிக்குள்ளை பதியாட்டில், லிஸ்ற்றிலை ரெண்டாவதா இருக்கிறவருக்குக் குடுக்கிறதாம். புரபசரும் என்ன செய்யிறது? அவரிட்டை உள்ளூர்க் காசுதான் இருக்கு" என்று மட்டும் சொன்னது. மேன்முறையீட்டுப் படிவத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

மேன்முறையீடு மிஸ் பெல்லமியிடம் போகும். அவர் அடிமட்டத்தை இறக்கிக்கொண்டு வந்து நிரந்தர விலாசத்தில் நிறுத்தினார்.

"ஐந்து வயதில் விட்டு வந்த வீட்டை ஒருவர் ஏன் நிரந்தர விலாசம் என்று எழுதுகிறார், மிஸஸ் லோகநாதன்?"

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "எங்கள் ஆட்கள் எல்லாரும் எழுதுவார்கள்" என்றேன்.

"எல்லாரும் என்பது அத்தாட்சி அல்ல."

"என்னுடைய பைலை எடுத்துப் பாருங்கள்" என்றேன்.

உடனே எழும்பிப் போனார். அரை மணித்தியாலத்தில் ஊழியர் பகுதியில் இருந்து என் பைலோடு வந்தார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது நிரப்பிய படிவம். நிரந்தர விலாசம் என்ற கட்டத்தில், என்னுடைய அழகான கையெழுத்தில், யாழ்ப்பாணத்துக் கொக்குவில். தற்காலிக விலாசம் என்பதில் லண்டன் ஹரோ. அந்தத் தற்காலிக வீட்டில் அப்போது பதினாறு வருடம் முடிந்து, கடனும் முக்கால்வாசி கட்டியாகிவிட்டது. சமையலறையைக்கூட இரண்டு தரம் மாற்றியாகிவிட்டது.

மிஸ் பெல்லமி 'ஹரோ, தற்காலிகம்' என்பதன் கீழே அடிமட்டத்தை வைத்தார். பிறகு சிரித்தார். அந்த மனுசி சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப என்னைப் பார்த்தபோது சிரிப்பு இல்லை.

"அப்படியென்றால் உங்களுக்குத் தெரிந்திருந்தது."

"தெரியும்."

"பிறகு?"

"எங்கள் பிள்ளை என்றபடியால்" என்றேன்.

"கூடுதல் கண்டிப்பும் பாரபட்சம்தான், மிஸஸ் லோகநாதன்" என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு வேலை தொடங்கியது. யாழினி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். ஜெர்மனியில் படித்த பல்கலைக்கழகத்தின் கடிதங்கள். தண்ணீர் பரிசோதனைக்கான பத்து மாத ஒப்பந்தம். போகும்போதே எடுத்த திரும்புகிற ரிக்கெற். குளிர்க்கோட்டு எங்கே தொங்கியது என்று மிஸ் பெல்லமி கேட்க, பிள்ளை யோசிக்காமல் "ஜெர்மனியில், ஆகன் நகரில் என் சிநேகிதியின் அலுமாரியில். இன்னும் திருப்பித் தரவில்லை, அவள் போட்டுத் திரிகிறாள்" என்றது. சிநேகிதி அந்தக் கோட்டோடு நிற்கிற படத்தையும் அனுப்பினாள். மிஸ் பெல்லமி அதைக் குத்திப் பைலில் வைத்தார்.

ஒன்றுதான் பாக்கி. நிரந்தர விலாசம் என்று எழுதியது தவறு, அந்த வீடு தங்கள் வசிப்பிடம் அல்ல என்று தகப்பன் ஒரு கடிதம் தரவேண்டும். அது ஒரு பொருட்டா, ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தால் முடிந்தது என்று நினைத்தேன். செல்வராசா அண்ணை என்ற மனிதரை நான் அப்போது சந்தித்திருக்கவில்லை.

குடும்பத்தோடு ஜெர்மனியை விட்டு வந்து லண்டன் நோர்பரியில் பலசரக்குக் கடை போட்டிருந்தார். மகள் எவ்வளவு கேட்டும் எழுதவில்லை. நேரே என்னிடம் வந்துவிட்டார். யன்னல் பலகையில் ஒரு நீட்டுப் பொதியை வைத்தார்.

"இதென்ன அண்ணை?"

"முருங்கைக்காய். நேற்று வந்தது."

"ஐயோ, நாங்கள் ஒண்டும் வாங்கக்கூடாது. லஞ்சம் எண்டு வேலையாலை நிப்பாட்டிப்போடுவினம்."

"முருங்கைக்காய்க்கு ஆரும் லஞ்சம் எண்டு சொல்லுவினமோ, தங்கச்சி? சரி, விடும். கடிதம் நான் தரமாட்டன். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"ஏன் அண்ணை? உங்கட பிள்ளையின்ரை படிப்பெல்லோ?"

"நிரந்தரம் எண்டால் என்ன? மாறாதது. ஜெர்மனியிலை முதல் முகாம். பிறகு நாலு வாடகை வீடு. இப்ப நோர்பரியிலை கடைக்கு மேலை, அதுவும் வாடகை. இதிலை எதை நான் நிரந்தரம் எண்டு எழுத? நான் பிறந்ததிலை இருந்து மாறாத விலாசம் எனக்கு ஒண்டுதான் இருக்கு. படிவத்திலை கேட்டது அதைத்தானே? நான் சரியாத்தான் சொன்னனான்."

பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற மனிதர். ஆனால் என்ன செய்வது, மூன்று காலும் எண்ணிப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. நானே அப்படித்தானே எழுதியிருந்தேன்?

"வீடு இல்லை எண்டு எழுத வேண்டாம் அண்ணை. அங்கை நாங்கள் இருக்கேல்லை எண்டு எழுதுங்கோ."

"தொண்ணூறாம் ஆண்டு ஆமிக்காரங்கள் அம்மாவையும் ஐயாவையும் வீட்டாலை எழுப்பிவிட்டவங்கள். பாதுகாப்பு வலயம் எண்டு கம்பி அடிச்சவங்கள். வீடு இருக்கோ இடிச்சிட்டாங்களோ, ஒருத்தருக்கும் தெரியாது. பதினாலு வருசம் விசாரிக்கிறன். இவள் போய்க் கம்பிக்கு வெளியாலை நிண்டவள். மரமும் ரெண்டு மூண்டு கூரையும் தெரிஞ்சதாம், எது எங்கடை எண்டு இவளுக்கு எப்பிடித் தெரியும்? வீடு இருக்கோ எண்டே தெரியாமல், அது எங்கட விலாசம் இல்லை எண்டு நானே கையெழுத்து வைக்கிறதோ? ஏலாது தங்கச்சி. கோவிக்காதேயும்."

பொதியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு தகப்பன் ஒரு வரிக்காகப் பிள்ளையின் மூன்று வருடப் படிப்பை விடுவதா என்று அன்று பின்னேரம் மெற்றோபொலிற்றன் ரெயினில் இருந்து எனக்குள்ளேயே அவரோடு சண்டை பிடித்தேன். ரெயின் ஹரோவுக்கு வரும்போது அவர்தான் வென்றிருந்தார்.

செப்டெம்பர் கடைசிக் கிழமை வந்தது. கடிதம் வரவில்லை. பைலில் அந்த விலாசம் அப்படியே கிடக்க, மிஸ் பெல்லமி பென்சிலை எடுக்கவே இல்லை. லிஸ்ற்றில் இரண்டாவதாக இருந்தவர் பேராசிரியரின் செயலாளருக்குப் போன் பண்ணத் தொடங்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலைத் தபால் வண்டியில் ஓர் உறை வந்தது. முழுக்க முத்திரையும் கீறலும். திருப்பிப் பார்த்தால், ஆனி மாதம் நான் அடித்த விலாசம்! யாழினிக்கு நான் அனுப்பிய 'வெளிநாடு' கடிதம் யாழ்ப்பாணம் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி வந்திருந்தது. அனுப்பியவருக்குத் திருப்புக என்று மூன்று மொழியிலும் முத்திரை. அதற்குக் கீழே நீலப் பேனையால், நடுங்கிய கையெழுத்தில், தமிழில் இப்படி எழுதியிருந்தது:

'உயர் பாதுகாப்பு வலயம். உட்செல்ல அனுமதி இல்லை. தொண்ணூறு முதல் குடியிருப்பார் எவரும் இல்லை. தடைக்கு இப்பால் நின்று பார்த்தேன். இவ்விலாசத்து வீடு நிற்கிறது. கூரை உண்டு.'

கீழே தபால்காரர் என்று போட்டு ஒரு சுருக்கக் கையெழுத்து. அந்த வீட்டுக்கு ஒருகாலத்தில் கடிதம் கொடுத்த மனிதராகத்தான் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எந்தக் கூரை எந்த வீட்டினது என்று எப்படித் தெரியும்?

வேறு கடிதமே தேவையில்லை! அந்த விலாசத்தில் பதினாலு வருடம் ஒருவரும் வசிக்கவில்லை, வசிக்கவும் முடியாது என்று அரசாங்கத் தபால்காரரே எழுதித் தந்துவிட்டார். மிஸ் பெல்லமியிடம் ஓடினேன். அவர் உறையை இரண்டு பக்கமும் பார்த்தார். "மொழிபெயர்த்து, தட்டெழுதி, கையெழுத்து வைத்துத் தாருங்கள்" என்றார்.

தட்டெழுதத் தொடங்கினேன். 'குடியிருப்பார் எவரும் இல்லை' வரைக்கும் கை ஓடியது. பிறகு நின்றுவிட்டது. வீடு நிற்கிறது, கூரை உண்டு. இதை எழுதினால் என்ன ஆகும்? கூரையோடு வீடு இருக்கிறது, தகப்பன் அதை விட்டுக்கொடுக்கவும் இல்லை, அப்படியானால் போய் இருக்கப்போகிற வீடுதானே என்று நாளைக்கு மேலே இருந்து ஒருவர் கேட்டால்? இந்தக் கந்தோரில் தமிழ் வாசிக்கிற ஆள் நான் ஒருத்திதான். இரண்டு சிறிய வசனம். விட்டால் யாருக்குத் தெரியும்?

கொஞ்ச நேரம் விரலை விசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஆனியில் இந்தப் பிள்ளைக்கு எதிராக ஒரு பக்கம் சாய்ந்தேன். இப்போது மற்றப் பக்கம் சாய்ந்தால் இரண்டு தரமும் நான்தான் பிழை. கடவுளே என்று சொல்லிக்கொண்டு கூரையையும் சேர்த்து அடித்துக் கையெழுத்து வைத்தேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. யாழினி வந்தாள், தகப்பனும் கூட வந்தார். இந்த முறை பொதி இல்லை, கழுத்தில் ரை கட்டியிருந்தார். மிஸ் பெல்லமி என்னுடைய மொழிபெயர்ப்பை எடுத்து அடிமட்டத்தைக் கீழே வைத்தார். முதல் வரி. இரண்டாவது வரி. கடைசி வரியில் அடிமட்டம் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நான் யாழினியைப் பார்க்கவில்லை, சுவர்க் கலண்டரைப் பார்த்தேன்.

"வீடு நிற்பது வீட்டின் விஷயம்" என்றார் மிஸ் பெல்லமி. "இவர் எங்கே வசித்தார் என்பதுதான் என்னுடைய விஷயம். வசித்தது ஐரோப்பாவில். பத்து மாதம் தற்காலிகமாகப் போய் வந்திருக்கிறார்." பென்சிலை எடுத்து என்னுடைய அடையாளத்தை வெட்டி, 'உள்ளூர்' என்பதில் போட்டார். பிறகு பேனையைத் திறந்து அதன் மேலே மையால் போட்டார். அதே நாளில், அதே இருப்பில்! என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

யாழினி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளே சிரிக்கிறாள். தகப்பன் மேசையைப் பார்த்தபடி இருந்தார்.

"உங்கள் தகப்பனார் கடிதம் தரவில்லை" என்று மிஸ் பெல்லமி யாழினியிடம் சொன்னார். "அவர் தரவேண்டிய அவசியமும் இல்லை. கேள்வியை நாங்கள்தான் ஒழுங்காகக் கேட்கவில்லை." பிறகு என்னிடம் திரும்பி, "மிஸஸ் லோகநாதன், தகப்பனார் இந்த உறையைப் பார்த்தாரா?" என்றார்.

"இல்லை. விசாரணை முடிய முன் அத்தாட்சியை எப்படிக் காட்டுவது?"

"இப்போது முடிந்துவிட்டதே. பைலுக்குப் பிரதி போதும். இது நாங்கள் இவருடைய மகளுக்கு அனுப்பிய கடிதம். பிந்திப் போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான்" என்று உறையை யாழினியிடம் நீட்டினார்.

யாழினிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பார்த்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டு, வாய்க்குள்ளே ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். கடைசிச் சொல்லுக்கு வந்ததும் திரும்ப முதலில் இருந்து வாசித்தார். மூன்றாம் தரம் சொல்லுக்குச் சொல் விரலை வைத்து வாசித்தார்.

"தங்கச்சி, இது உண்மையோ?"

"ஓம் அண்ணை. தபால்காரர் தன்ரை கண்ணாலை பாத்திருக்கிறார்."

அவர் மிஸ் பெல்லமியிடம் அனுமதி ஒன்றும் கேட்கவில்லை. கைபேசியை இழுத்தெடுத்து, மனைவிக்கு அடித்து, அங்கேயே நின்று, நோர்பரிக்கே நேராகக் கேட்கிற மாதிரிக் கத்தினார். பக்கத்து அறைகளில் இருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இஞ்சை, கேக்குதோ? கூரை இருக்காம்! ... எங்கட வீட்டுக் கூரை! கூரை இருக்கெண்டு எழுதி அனுப்பியிருக்கிறாங்கள்! ... ஆர், பிள்ளையோ? ஓம், ஓம், பிள்ளைக்குக் கிடைச்சிட்டுது, அது கிடக்கட்டும், கூரை இருக்காமப்பா!"

யாழினி சிரித்துச் சிரித்துக் கதிரையில் சரிந்துவிட்டாள். "என்ன சொல்கிறார்?" என்று மிஸ் பெல்லமி கேட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன்.